டீசல் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகலை? பதில் ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையில் இருக்கு!

மார்கழி மாதத்து விடியற்காலை. பென்னாகரத்தில் ஒரு வீட்டு வாசலில் பிக்கப் வண்டி நிற்கிறது. பின்னால் தக்காளிக் கூடைகள் ஏற்றியாச்சு. வெளிச்சம் வருவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் விலை இறங்கிவிடும். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். செல்ஃப் சுத்துது, ஆனா எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது.

தர்மபுரி மாவட்டத்தில் பிக்கப் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு காலையைச் சொல்வார்கள். இதே பிரச்சனையோடு பல வருடங்கள் போராடிய ஒருவர் 130 வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் இருந்தார். அவருடைய எஞ்சினும் முதலில் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்றைக்கு நாம் பங்க்கில் நிரப்பும் எரிபொருளுக்கே அவர் பெயர்தான்: ருடால்ஃப் டீசல்.

யார் இவர்? என்ன கண்டுபிடித்தார்? உலகமே பயன்படுத்தும் எஞ்சினை உருவாக்கியவர் ஏன் கடனோடு கடலில் மறைந்தார்? அவர் கதைக்கும் உங்கள் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன் பையன்

1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார் ருடால்ஃப். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்பு தேடிப் போனவர்கள். அப்பா தியோடர் தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். வீட்டிலேயே பட்டறை. செய்து முடித்த பொருட்களை வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசுகளுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மன்காரர்கள் வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கும் வருமானம் போதவில்லை. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உறவினர் கணித ஆசிரியர். படிப்புக்கு வழி பிறந்தது அங்கேதான்.

எஞ்சினியர் ஆவது என்று 14 வயதிலேயே முடிவு செய்துவிட்டார். ஸ்காலர்ஷிப்பில் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. இன்றைய ஃப்ரிட்ஜ் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளில் ஒருவர். டைஃபாய்டு வந்ததால் இறுதித் தேர்வு தள்ளிப்போனது. 1880-ல் தேர்வு எழுதி மிகச் சிறந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

சைக்கிள் பம்ப் ஏன் சுடுகிறது?

லிண்டேயின் வகுப்பில் ஒரு தகவல் ருடால்ஃபை உலுக்கியது. அன்றைய நீராவி எஞ்சின்கள், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே வேலையாக மாற்றின. மீதி எல்லாம் புகைபோக்கி வழியாக வீண். 100 ரூபாய்க்கு நிலக்கரி வாங்கினால் 90 ரூபாய் காற்றில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யும் எஞ்சினை உருவாக்குவதே தன் வேலை என்று அந்த மாணவர் தீர்மானித்தார்.

அவருக்குத் துணைக்கு வந்தது ஒரு சின்னக் கருவி. தென்கிழக்கு ஆசிய மக்கள் நெருப்பு உண்டாக்க ஒரு குழாயைப் பயன்படுத்தினார்கள். குழாயின் உள்ளே கொஞ்சம் பஞ்சு, மேலே இறுக்கமான ஒரு தண்டு. தண்டைப் பட்டென்று உள்ளே தள்ளினால் காற்று நெருக்கப்பட்டுச் சூடாகும், பஞ்சு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், சிக்கிமுக்கிக் கல் வேண்டாம். மாணவப் பருவத்திலேயே இந்தத் தத்துவத்தைக் கண்ணால் பார்த்தவர் ருடால்ஃப்.

நீங்களும் இதை உணர்ந்திருப்பீர்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் இல்லையா? அதேதான். காற்றை வேகமாக நெருக்கினால் சூடு வரும். டீசல் எஞ்சினின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

ஐஸ் கம்பெனி வேலையும் ஒரு வெடிவிபத்தும்

படித்து முடித்ததும் லிண்டேயின் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பாரிஸில் ஐஸ் தயாரிக்கும் தொழிற்சாலையைக் கவனிக்கும் பொறுப்பு. எஞ்சின் மேதை தன் வாழ்க்கையைத் தொடங்கியது ஐஸ் கட்டியோடு! 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள்.

பகலில் ஐஸ், மற்ற நேரத்தில் எஞ்சின் ஆராய்ச்சி. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் இயங்கும் எஞ்சினை முதலில் முயன்றார். சோதனையில் அது வெடித்தது. பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். உடல்நலமும் கண்பார்வையும் பாதிக்கப்பட்டன. ஆனாலும் விடவில்லை.

1892 பிப்ரவரியில் புதிய எஞ்சின் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அது கிடைத்தது, எண் 67207. அதே 1893-ல் கொள்கையை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. இந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைதான் பின்னாளில் லாரிகளுக்குப் பெயர்போன மேன் நிறுவனமாக மாறியது.

முதல் எஞ்சின்: ஸ்டார்ட் ஆகலை!

1893-ல் எஞ்சின் தயார். சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஒற்றை சிலிண்டர், கீழே பெரிய சக்கரம். தானாக ஓடுமா என்று தெரியாததால் தொழிற்சாலையின் பெல்ட்டை மாட்டிச் சுற்ற வைத்தார்கள். எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை, காற்று கசிந்தது. அதைச் சரிசெய்து, ஆகஸ்ட் 10 அன்று சிலிண்டருக்குள் எரிபொருளைச் செலுத்தினார்கள். பயங்கர வெடிச்சத்தம். அழுத்தம் அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. அருகில் இருந்தவர்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

எஞ்சின் தானாக ஓடவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுதியானது. தீப்பொறி இல்லாமலே, நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் எரிபொருள் பற்றிக்கொள்ளும்!

இங்கே ஒரு சின்ன ஃபேக்ட் செக். ஆகஸ்ட் 10 இன்று உலக உயிரி எரிபொருள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1893-ல் இதே நாளில் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று வருடாவருடம் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். அது சரியில்லை. அன்று உள்ளே போனது பெட்ரோல். கடலை எண்ணெயில் ஒரு டீசல் எஞ்சின் ஓடிக் காட்டியது 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில்.

எஞ்சினை மாற்றி அமைத்தார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று அது முதன்முறையாகத் தன் சொந்த பலத்தில் சுற்றியது. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒரு நிமிடம். வேகம் நிமிடத்துக்கு 88 சுற்று. பெல்ட்டை இழுக்கத் தொடங்கிய எஞ்சினைப் பார்த்து, உடனிருந்த தொழிலாளி லிண்டர் ஒன்றும் பேசாமல் தன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததாகச் சொல்வார்கள்.

அதன் பிறகும் மூன்று வருட உழைப்பு. எரிபொருளை எப்படிப் பொடியாகத் தூவுவது என்பதுதான் பெரிய தலைவலி. அழுத்தக் காற்றோடு சேர்த்து ஊதி அனுப்பும் முறையில் தீர்வு கிடைத்தது. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைத்திறன் எஞ்சின். செயல்திறன் 26.2 சதவீதம். அன்றைய எஞ்சின்கள் எதுவும் தொடாத உயரம் அது.

சரி, நம்ம பிக்கப்புக்கு வருவோம்

ருடால்ஃப் போராடிய விஷயங்களைப் பட்டியல் போடுங்கள்: போதுமான அழுத்தம், அதனால் வரும் சூடு, சரியாகத் தூவப்படும் எரிபொருள், எஞ்சினைச் சுற்ற வைக்கும் பலம். இன்றைய பிக்கப்பிலும் இந்த நாலில் ஏதோ ஒன்று குறைந்தால்தான் வண்டி மக்கர் பண்ணும்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தரும். டீசலில் அது கிடையாது. இன்றைய பிக்கப் எஞ்சின்கள் காற்றைச் சுமார் 16 முதல் 18 மடங்கு நெருக்குகின்றன. உள்ளே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றும். அதனால், ஸ்டார்ட் ஆகாத வண்டியின் அறிகுறிகளை இப்படிப் படிக்கலாம்.

சாவி போட்டதும் டிக் டிக் சத்தம், அல்லது செல்ஃப் மெதுவாகச் சுத்துது: இது பேட்டரி பிரச்சனையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து, இறுக்கி, பிறகு முயலுங்கள். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். டீசலுக்கு வேகமான சுற்று ரொம்ப முக்கியம். மெதுவாகச் சுற்றினால், நெருக்கிய காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே கரைந்துவிடும். பிறகு எவ்வளவு டீசல் வந்தாலும் பற்றாது.

செல்ஃப் நன்றாகச் சுத்துது, சைலன்சரில் புகையே இல்லை: டீசல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். டேங்கில் டீசல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், முள் பொய் சொல்வது சகஜம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். டேங்க் காலியாகி மறுபடி நிரப்பியிருந்தாலோ, சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தாலோ, ஏர் பிடித்திருக்கலாம். ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அழுத்துங்கள். பழைய வகை வண்டிகளில் ஏர் எடுக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடித்தால் போதும்.

ஆனால் கவனம்! சிஆர்டிஐ எஞ்சினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கைவிரலையே இழக்க நேரிடலாம்.

வெள்ளைப் புகை வருது, ஆனா பிடிக்கலை: டீசல் வருகிறது, சூடு போதவில்லை. குளிர்காலக் காலையில் இதுதான் அதிகம். டாஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியுமே, அது ஹீட்டர் பிளக் சிக்னல். அது அணையும்வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். தினமும் இதே தொல்லை என்றால் ஹீட்டர் பிளக், அதன் ஃபியூஸ், ரிலே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடான பிறகும் இதே கதை என்றால் ரிங், வால்வு தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். 1893-ல் ருடால்ஃப் பார்த்த அதே கசிவு! இது மெக்கானிக் வேலை, தாமதிக்க வேண்டாம்.

தண்ணீர் விளக்கு எரியுது: டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, தண்ணீர் வெளியேறி டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள்.

சாவி படம் மின்னுது: வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி இருந்தால் முயலுங்கள்.

செய்யக் கூடாத மூன்று விஷயங்கள்

முதலாவது, தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும், பிறகு அரை நிமிடமாவது இடைவெளி. இல்லையென்றால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் புகையும்.

இரண்டாவது, சீக்கிரம் பற்றட்டும் என்று ஈதர் ஸ்ப்ரேயோ பெட்ரோலோ ஏர் ஃபில்டரில் ஊற்றாதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது தவறான நேரத்தில் வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

மூன்றாவது, ஒகேனக்கல் மலைப்பாதை மாதிரியான சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கான வேக்கம் உதவி கிடைக்காது, பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. பிரேக் கல் மாதிரி இறுகும். அதோடு, பேட்டரி சுத்தமாக டவுன் ஆன புதிய வண்டியில் கம்ப்யூட்டருக்கே கரண்ட் இருக்காது. எவ்வளவு தள்ளினாலும் பலன் இல்லை.

பணம் வந்தது, நிம்மதி போனது

இப்போது மறுபடி ருடால்ஃப். 1897 வெற்றிக்குப் பிறகு பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்க வரிசையில் நின்றன. அமெரிக்க பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ், தன் நாட்டு உரிமைக்காக 10 லட்சம் மார்க் கொடுத்தார். ருடால்ஃப் கோடீஸ்வரர் ஆனார். மியூனிக்கில் பிரமாண்ட மாளிகை கட்டினார்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓடிய எஞ்சின், வாடிக்கையாளர் கையில் படுத்தியது. 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதல் எஞ்சின்களில் ஒன்று போனது. தீப்பொறி தேவைப்படாத எஞ்சின், தீக்குச்சி செய்யும் இடத்தில்! ஆரம்ப எஞ்சின்களில் கோளாறுக்கு மேல் கோளாறு. வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலை நிலைக்கவில்லை. இன்னொரு பக்கம், கண்டுபிடிப்பு அவருடையதே இல்லை என்று காப்புரிமை வழக்குகள். கடும் தலைவலி, மன அழுத்தம். 1898-ல் சிகிச்சைக்காக ஓய்வு இல்லத்தில் தங்க வேண்டியிருந்தது.

முதலீடுகளும் கைகொடுக்கவில்லை. நிலம், எண்ணெய்க் கிணறு என்று போட்ட பணம் கரைந்தது. எஞ்சினின் நுணுக்கம் தெரிந்தவருக்குப் பணத்தின் நுணுக்கம் பிடிபடவில்லை.

அவருடைய உண்மையான கனவு என்ன?

இதுதான் பலருக்கும் தெரியாத பக்கம். நீராவி எஞ்சின் பெரியது, விலை அதிகம். முதலாளிகளால் மட்டுமே வாங்க முடியும். அப்பாவின் பட்டறை போன்ற சிறு தொழில்கள் நசுங்குவதை ருடால்ஃப் நேரில் பார்த்தவர். நெசவாளி, தச்சர், கொல்லர் என எளியவர்களும் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய சின்ன எஞ்சின் வேண்டும் என்பது அவர் ஆசை. 1903-ல் தொழிலாளர் கூட்டுறவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அது விற்கவே இல்லை. எஞ்சினைவிட அந்தப் புத்தகத்தையே அவர் பெரிதாக நினைத்தார்.

அவர் காலத்தில் கனவு தலைகீழானது. கனமான டீசல் எஞ்சினை வாங்கியவர்கள் பெரிய ஆலைகளும் கப்பல் கம்பெனிகளும்தான். 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல், டீசல் எஞ்சினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை பயணம் செய்தது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் டீசல் எஞ்சின் போனது.

கடலில் மறைந்த இரவு

1913 செப்டம்பர் 29. இங்கிலாந்தில் அமையவிருந்த டீசல் தொழிற்சாலை தொடர்பான பயணம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். நண்பர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். சுமார் 10 மணிக்கு அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. கப்பலின் மேல்தளத்தில் கம்பி ஓரமாக அவருடைய தொப்பியும் மடித்து வைத்த கோட்டும் இருந்தன. சுமார் பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு ஊழியர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் காட்டினார். ருடால்ஃபுக்கு அப்போது வயது 55.

பயணத்துக்கு முன்பு மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் ஏறக்குறைய காலி என்று காட்டும் காகிதங்களும் இருந்தன. தற்கொலை என்பதே பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. கொலை, உளவுச் சதி என்ற பேச்சுகளும் நூறு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

பிறகு என்ன ஆச்சு?

அவர் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் டீசல் சாலைக்கு வந்தது. 1920-களில் ஜெர்மனியில் டீசல் லாரிகள் ஓடத் தொடங்கின. 1927-ல் பாஷ் நிறுவனம் சிறிய இன்ஜெக்ஷன் பம்பைத் தொடர்ச்சியாகத் தயாரிக்க ஆரம்பித்தது. ஊதி அனுப்பும் பெரிய கம்ப்ரஸருக்கு வேலை இல்லாமல் போனது. எஞ்சின் சுருங்கியது, எடை குறைந்தது, விலை இறங்கியது.

நம்மூரில் கரண்ட் வராத காலத்தில் கிணற்று மேட்டில் தட் தட் என்று ஓடிய ஆயில் எஞ்சின் அந்த வரிசையில் வந்ததுதான். திருச்செங்கோட்டு போர்வெல் லாரி, நாமக்கல் லாரி, ஓசூரில் தயாராகும் தோஸ்து, 2005-ல் வந்த குட்டி யானை எல்லாமே அப்படித்தான்.

ஒரே ஒரு எஞ்சின், அதை ஓட்ட ஒரே ஒரு ஆள், அதை நம்பி ஒரு குடும்பம். ருடால்ஃப் ஆசைப்பட்டது ஏறக்குறைய இதைத்தான். லோன் போட்டு வாங்கிய பிக்கப்பில் பென்னாகரத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகிறவர்தான், அவர் மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர். அவர் உயிரோடு இருந்தவரை அந்த வாடிக்கையாளருக்கு எஞ்சின் போய்ச் சேரவில்லை.

இன்று டீசல் புகையால் வரும் காற்று மாசு பெரிய கேள்வி. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதிகள் வந்தன. சின்ன சரக்கு வண்டிகளில் சிஎன்ஜியும் பேட்டரியும் நுழைந்துவிட்டன. டீசலின் காலம் எப்போது முடியும் என்ற விவாதம் நடக்கிறது. ஆனால் நாளைக் காலை சந்தைக்குப் போக வேண்டியவருக்கு அதற்குள் பதில் வேண்டும். அவருக்கு இந்த வரிசை போதும்: பேட்டரி, டீசல், ஏர், ஹீட்டர். இந்த நாலையும் பார்த்தும் பிடிக்கவில்லையா? மேலும் செல்ஃப் அடிக்காமல் மெக்கானிக்குக் கூப்பிடுங்கள். புகை வந்ததா, என்ன நிறம், செல்ஃப் வேகமாகச் சுற்றியதா என்ற மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். எந்தச் சாமானோடு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும், உங்களுக்கும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.